துணியை வெட்டுவதற்கு முன்: ஆடை வடிவமைப்புப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் ஆடை வடிவமைப்புத் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் வகுப்பு எடுப்பதைவிடப் பெற்றோருக்குப் பதில் சொல்வதுதான் அதிகம். கல்லூரி திறந்த பிறகு அதே சந்தேகங்களோடு மாணவர்கள் வருவார்கள். படித்து முடித்துப் போனவர்கள் இரண்டு வருடம் கழித்து வேறு சந்தேகங்களோடு தொலைபேசியில் அழைப்பார்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

டெய்லரிங் கற்க மூன்று வருடம் எதற்கு? எங்கள் தெரு டெய்லர் ஆறே மாதத்தில் கற்றுத்தருகிறாரே?

அவர் கற்றுத்தருவதும் முழுமையான தொழில்தான். பிளவுஸ், சுடிதார் தைத்துச் சம்பாதிப்பது மட்டுமே நோக்கம் என்றால் அவரிடமே போகலாம். மூன்று வருடக் கட்டணமும் மிச்சம்.

அவர் ஆளைப் பார்த்து அளவெடுத்து ஒவ்வோர் உடையாகத் தைக்கிறார். முகம் தெரியாத ஐயாயிரம் பேருக்கு ஒரே சட்டையை ஐந்து சைஸில் தைப்பது எப்படி என்பதுதான் கல்லூரிப் பாடம். அந்தத் துணி எந்த நூலில் ஆனது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா, ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி, எத்தனை நிமிடம், என்ன விலை என்பதெல்லாம் அதில் சேரும். இந்தக் கேள்விகளில் ஆர்வம் இல்லாதவருக்கு இரண்டாம் செமஸ்டரிலேயே சலிப்புத் தட்டிவிடும்.

ஃபேஷன் டிசைன், காஸ்ட்யூம் டிசைன், கார்மென்ட் டெக்னாலஜி, ஃபேஷன் டெக்னாலஜி என்று பல பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

பாதிப் பாடங்கள் ஒன்றுதான். சேரும் வழியும் முடிவில் போய்ச் சேரும் இடமும் வேறு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் அதிகம் காணப்படுவது பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். மூன்று வருடம். துணியியல், பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித வடிவம்), தைப்பு, எம்பிராய்டரி, சாயமும் அச்சும், கொஞ்சம் வணிகம் என்று எல்லாவற்றையும் தொட்டுப்போகும் படிப்பு. பெயரில் காஸ்ட்யூம் இருப்பதால் சினிமாவுக்கு உடை தைக்கக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அது பெயர் மட்டும்தான்.

பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி நான்கு வருடப் பொறியியல். தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். இயந்திரம், உற்பத்தித் திட்டமிடல், தரக்கட்டுப்பாடு ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தது. பி.டெஸ். என்பது நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற நிறுவனங்களின் நான்கு வருட வடிவமைப்புப் பட்டம். பத்தாம் வகுப்போடு வருகிறவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் மூன்று வருட கார்மென்ட் டெக்னாலஜி டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவர் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ.களில் ஒரு வருடத் தையல் தொழில்நுட்பப் பயிற்சியும் உண்டு. வீட்டு நிலைமை நெருக்கடியாக இருந்து, பையனோ பெண்ணோ சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது டிப்ளமோவை. பட்டதாரி என்ற பெயருக்காக அதை ஒதுக்குகிறவர்கள் பலர். தொழிற்சாலைகள் அப்படி ஒதுக்குவதில்லை.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்க வேண்டும்?

பி.எஸ்சி.க்கும் பி.டெஸ்.ஸுக்கும் பெரும்பாலும் எந்த குரூப்பானாலும் சரி. வணிகவியல் படித்தவர்களும் தொழிற்கல்விப் பிரிவில் வந்தவர்களும் எங்கள் வகுப்புகளில் நிறைய. பி.டெக்.குக்கு மட்டும் பொறியியலுக்கான பாடங்கள் வேண்டும்; அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் படம் வரையவே வராது. சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். உடல் எட்டரைத் தலை, பத்துத் தலை உயரம் என்று நீட்டி வரையும் ஃபேஷன் ஓவியம் ஒரு தாள், பழகினால் வந்துவிடும். வராவிட்டாலும் அந்தத் தாளில் மதிப்பெண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான வரைபடம் ஒன்று இருக்கிறது. தரையில் விரித்துப்போட்ட சட்டையை முன்புறம், பின்புறம் என்று நேர்க்கோடுகளால் வரைந்து, தையல் எங்கே ஓடுகிறது, பட்டி எத்தனை அங்குலம், பட்டன் எத்தனை என்று குறித்துக் காட்டும் படம். கட்டிங் மாஸ்டர் கையில் போவது இதுதான். ஸ்கேல் பிடிக்கத் தெரிந்த யாரும் இதை வரையலாம். அழகான ஓவியம் வரைந்துவிட்டு அந்த ஜிப் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டால் விழிக்கிறவர்களைத்தான் திருத்துவது கடினம்.

தையல் மெஷினைத் தொட்டதே இல்லை. மற்றவர்களெல்லாம் வீட்டில் பழகி வந்திருப்பார்களே?

சிலர் பழகியிருப்பார்கள், பலர் இல்லை. வீட்டில் கால் மிதி மெஷினில் பழகியவர்களுக்கும் கல்லூரியின் பவர் மெஷின் முதலில் கைக்குள் அடங்காது. கால் பட்டதும் பறக்கும். அதனால் முதல் சில வகுப்புகளில் நூல் கோக்காமல், கோடு போட்ட காகிதத்தின் மேல் ஊசியை ஓட்டச் சொல்வோம். நேர்க்கோடு, சதுரம், வளைவு, சுருள். ஊசி விழுந்த துளைகள் கோட்டின் மேலேயே வரும்வரை துணி கிடையாது.

வீட்டில் மெஷின் இருந்தால் நல்லது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் பூ வேலை, எழுத்து வேலையெல்லாம் செய்கிற விலை கூடிய மெஷினுக்குப் போக வேண்டாம். நேர்த்தையல் ஒழுங்காக விழுகிற பழைய மெஷின் போதும். மெஷினைவிட முதலில் நல்ல கத்தரிக்கோல் வாங்குங்கள். அதில் காகிதம் வெட்டாதீர்கள், வீட்டில் யாரையும் வெட்டவும் விடாதீர்கள்.

ஒரு செமஸ்டர் முழுவதும் துண்டுத் துணியில் மாதிரிகளையே தைக்கச் சொல்கிறார்கள். முழு உடை எப்போது தைப்போம்?

இந்தப் புலம்பல் ஆண்டு தவறாமல் வரும். முதலில் தையல் இணைப்புகள், பிறகு டார்ட், டக், பிளீட், சுருக்கம் போன்ற மடிப்புகள், பிறகு பிளாக்கெட் (பட்டன் வைக்கும் திறப்பு), பாக்கெட், யோக் (தோள் பகுதித் துண்டு), கை, காலர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகத் தைத்து ரெக்கார்டில் ஒட்டுவது முதல் கட்டம். அடுத்தது குழந்தைகள் உடை: பிப், ஜப்லா, நிக்கர், பாபா சூட், யோக் வைத்த ஃபிராக். அதன் பிறகு பெண்கள் உடை. ஆண்கள் உடை கடைசி.

குழந்தைகளின் உடை முதலில் வருவதற்குத் துணி குறைவாகச் செலவாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கைக்குழந்தையின் உடலில் மார்பும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. வளைவுகளுக்கு உடையைப் பொருத்தும் தலைவலி இல்லாமல் தைப்பை மட்டும் கற்கலாம். ஆண்களின் சட்டை கடைசியில் வருவதற்குக் காரணம் காலர். கேன்வாஸ் வைத்த காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல் வர வேண்டும், கழுத்துப் பட்டி கழுத்துச் சுற்றோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பிப்பின் வளைவில் பட்டி வைத்துத் தைக்கத் தெரியாதவர் அங்கே வந்து திணறுவார். மாதிரித் துண்டை அக்காவிடம் கொடுத்துத் தைத்து வாங்கி ஒட்டுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். நான்காம் செமஸ்டரில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அளவுச் சட்டையை வைத்து வெட்டினால் போதாதா? பிரவுன் ஷீட்டில் பேட்டர்ன் போட்டு நேரம் வீணாகிறதே?

அளவுச் சட்டையில் இருக்கிற பிழையும் சேர்ந்து வரும் என்பது முதல் சங்கடம். அந்தச் சட்டையில் இல்லாத புது அமைப்பு ஒன்றை யோசிக்கவே முடியாது என்பது அதைவிடப் பெரியது.

துணி தட்டையானது, உடல் தட்டையானது அல்ல. தட்டையான ஒன்றால் மேடு பள்ளத்தை மூட வேண்டுமானால் எங்கோ ஓர் இடத்தில் மிகுதித் துணியை மடித்து விழுங்க வேண்டும். அந்த மடிப்புதான் டார்ட். நாலு டாட் பிளவுஸ் என்று கடைகளில் சொல்கிறார்களே, அதில் ஒவ்வொரு டாட்டும் மார்பின் உச்சியை நோக்கிப் போகும். உச்சியைத் தொடாமல் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ முன்னதாக நின்றுவிடும். தொட்டால் அங்கே கூர்முனை தெரியும். இனிதான் பேட்டர்னின் அழகு. பக்கவாட்டில் இருக்கும் டார்ட்டைக் காகிதத்தில் மூடிவிட்டு, தோளிலோ கழுத்திலோ கைக்குழியிலோ வெட்டித் திறக்கலாம். உச்சிப் புள்ளி மாறாதவரை உடையின் பொருத்தம் மாறாது, தோற்றம் மட்டும் மாறும். இரண்டு டார்ட்டையும் ஒரே கோடாக இணைத்துவிட்டால் பிரின்சஸ் கட். டார்ட்டைச் சுருக்கங்களாக மாற்றினால் யோக் வைத்த ஃபிராக். ஒரே அடிப்படைப் பேட்டர்னிலிருந்து எத்தனையோ உடைகள் பிறக்கும். அளவுச் சட்டையிலிருந்து வருவது இன்னோர் அளவுச் சட்டை.

வரையும் முறையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் புத்தகங்கள் பல அளவுகளை மார்புச் சுற்றளவிலிருந்தே கணக்கிடுகின்றன. மார்பு 36 அங்குலம் என்றால் நான்கில் ஒரு பங்கு 9, கழுத்தின் அரை அகலம் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 3. சராசரி உடலுக்கு இது சரியாக வரும். மார்பு 44 அங்குலம் என்றால் இதே சூத்திரம் கழுத்தின் அரை அகலத்தை ஏறக்குறைய 3.7 அங்குலம் அளவுக்கு அகட்டிவிடும். மார்பு பெருத்த அளவுக்குக் கழுத்தும் தோளும் யாருக்கும் பெருப்பதில்லை. அதனால்தான் பருமனானவர்களின் பிளவுஸ் தோளிலிருந்து நழுவுகிறது. தோள், கழுத்து இரண்டையும் சூத்திரத்தை நம்பாமல் நேரில் அளந்துகொள்ளுங்கள்.

துணி மிச்சமாகட்டும் என்று பேட்டர்னைக் குறுக்கே வைத்து வெட்டினேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். தைத்தால் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

தைத்த அன்று ஒன்றுபோல இருக்கும். நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டது; ஊடை நூல் குறுக்கே வருவது. இழுத்துப் பார்த்தால் பாவு விடாது, ஊடை சற்றே விட்டுக்கொடுக்கும். பாவு உடையின் நீளத்தில் ஓடினால்தான் துணி நேராகத் தொங்கும். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் குறுக்காகவும் வெட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, இரண்டாம் துவைப்பிலேயே பக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும். 45 பாகை சாய்த்து வெட்டுகிற கிராஸ் கதை வேறு: அங்கே துணி நன்றாக இழுபடும். கழுத்துப் பட்டியைக் கிராஸாக வெட்டுவதும் கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு படிவதும் அதனால்தான். பட்டியைத் துணி மிச்சத்துக்காக நேராக வெட்டிப் பாருங்கள், வளைவில் சுருங்கி நிற்கும்.

கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுவதும் மேலே ஏறுகிறது. கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

இறக்கியதுதான் காரணம். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால் கை மேலே போகும்போது கைத்துணி மட்டும் நகரும். கைக்குழி தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. தளர்வாக வெட்டினால் வசதி என்று எல்லோருக்கும் தோன்றும். கைக்குழியில் மட்டும் அது நேர்மாறு.

இரண்டாவதாகக் கையின் மேல் வளைவைப் பாருங்கள். அந்த வளைவு உயரமாக இருந்தால் கை தொங்கவிட்ட நிலையில் மடிப்பில்லாமல் அழகாக விழும், தூக்கினால் இழுக்கும். உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் தூக்க வசதி, தொங்கவிட்டால் அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழும். இரண்டையும் ஒருசேரக் கேட்கக் கூடாது. பரதநாட்டிய உடைக்கும் வரவேற்பில் நிற்கும் மணப்பெண்ணின் பிளவுஸுக்கும் ஒரே கைப் பேட்டர்ன் உதவாது.

பனியன் துணியில் தைத்தால் நூல் அறுந்துபோகிறது. துவைத்தால் தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். நூல் மட்டமா?

நூலைக் குறைசொல்வதற்கு முன் தையலைப் பாருங்கள். சாதாரண மெஷினின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. அதற்கு இழுபடும் சக்தி குறைவு. பனியன் துணி வளையங்களால் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். துணி நீள, நூல் நீளாமல் அறுகிறது. திருப்பூர் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷின்கள் வரிசையாக நிற்பது இதனால்தான். அவற்றின் தையல் சங்கிலிபோல வளையங்களால் ஆனது. துணியோடு நீண்டு துணியோடு சுருங்கும். பக்க இணைப்புக்கு ஓவர்லாக், கீழ் மடிப்புக்குப் பேட்லாக்.

ஓட்டைக்குக் காரணம் ஊசி. கூர்முனை ஊசி வளையத்தின் இழையை அறுத்துவிடும். தைத்தபோது தெரியாது, துவைத்து இழுத்ததும் வளையம் அவிழ்ந்து ஓட்டை விழும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய பனியனுக்கு 9 அல்லது 11 எண் ஊசி போதும்.

பையன்கள் இதைப் படிக்கலாமா? உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த உறவினர்கள் போட்டிருக்கும் சட்டையை வெட்டியவர் அநேகமாக ஆண்தான். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர் வேலைகளில் ஆண்களே அதிகம். எனக்கு வருத்தம் தருவது இதன் மறுபக்கம்: தையல் வரிசையிலும் செக்கிங்கிலும் பெண்கள் நிறைந்திருக்கும் தொழிலில், மாஸ்டர் மேசைக்குப் பெண்கள் இன்னும் குறைவாகவே வருகிறார்கள். பேட்டர்ன் நன்றாகப் போடும் மாணவிகளிடம் மெர்ச்சண்டைசிங் (வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை) மட்டும்தான் பெண்களுக்கு ஏற்றது என்று வீட்டில் சொல்லி அனுப்பாதீர்கள்.

படிப்புக்கு என்ன செலவாகும்? உதவித்தொகை உண்டா?

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நிஃப்டில் ஒரு செமஸ்டருக்கே ஒரு லட்சத்தைத் தாண்டும். கலைக் கல்லூரிகளில் அதில் சிறு பகுதிதான். கணக்கில் பலரும் சேர்க்க மறப்பது பொருள் செலவை. துணி, நூல், பிரவுன் ஷீட், லேஸ், ஜிப், பட்டன், வண்ணங்கள் என்று செமஸ்டர் முழுவதும் கைப்பணம் கரையும். கடைசி ஆண்டில் ஃபேஷன் ஷோவுக்குத் தைக்கும் உடைகளில்தான் பலர் கடன்படுகிறார்கள். அங்கே மதிப்பெண் தைப்புக்குத்தான், பட்டுக்கு இல்லை. முதல் முயற்சியைக் காடா துணியில் தைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு விலை கூடிய துணியில் கத்தரி வையுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பி.டெக். போகிற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும், அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்பதும் உண்டு.

நிஃப்ட் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி மையம் போய்த்தான் ஆக வேண்டுமா?

நிஃப்ட் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986இல் தொடங்கியது. சென்னை நிஃப்ட் 1995இல் தொடங்கியது; வளாகம் தரமணியில் இருக்கிறது. பி.டெஸ்.ஸுக்கு மூன்று சோதனைகள். பொதுத் திறன் தேர்வு, கையால் வரைந்து யோசனையைக் காட்டும் படைப்புத் திறன் தேர்வு, இவற்றில் தேறியவர்களுக்குக் கொடுத்த பொருள்களை வைத்து ஒரு மாதிரியைச் செய்து காட்டும் சூழல் தேர்வு.

பயிற்சி மையங்கள் பழைய வினாத்தாள்களை ஒழுங்காகச் செய்யவைக்கும். அது வீட்டிலும் முடியும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இடைஞ்சல், பொதுத் திறன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பது. அதற்காகப் பிளஸ் ஒன்னிலிருந்தே ஆங்கிலச் செய்தித்தாள் படித்துப் பழக வேண்டும். சூழல் தேர்வுக்குத் தயாராக, அட்டை, கம்பி, ஸ்ட்ரா, துணித் துண்டு இவற்றை ஒட்டாமல் மாட்டி நிற்கவைக்கப் பழகுங்கள். அங்கே பலருடைய மாதிரி அழகாக இருக்கும், ஆனால் கவிழ்ந்து கிடக்கும்.

நல்ல கல்லூரி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா விளம்பரத்திலும் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று போட்டிருக்கிறதே?

விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டுத் தையல் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை மாணவர், ஓடுகிற மெஷின் எத்தனை? மூன்று பேருக்கு ஒன்று என்றால் உங்கள் பிள்ளை மூன்றில் இரண்டு பங்கு நேரம் வரிசையில் நிற்கும். மெஷின்களின் மேல் உறை போட்டிருந்தால் உறையைத் தொட்டுப் பாருங்கள். வெட்டும் மேசையின் கீழே துணிக் கழிவு கிடக்கிறதா? பெருக்கித் துடைத்துப் பளபளக்கும் கூடத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஓவர்லாக்கும் பேட்லாக்கும் இருக்கின்றனவா, பேட்டர்ன் மென்பொருள் எத்தனை கணினியில் திறக்கிறது என்று கேளுங்கள். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டை வாங்கிப் பாருங்கள். எல்லா ரெக்கார்டிலும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே கைத் தையல் என்றால் வெளியே ஒரு கடையில் மொத்தமாகத் தைத்து வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போனேன். டிசைன் துறையைக் காட்டாமல் செக்கிங் டேபிளில் நிறுத்திவிட்டார்கள். வேறு இடம் மாறலாமா?

மாற வேண்டாம். முழு நாளும் எடுபிடி வேலையை மட்டும் வாங்குகிறார்கள் என்றால் பேராசிரியரிடம் சொல்லுங்கள். செக்கிங் என்றால் நின்று கவனியுங்கள். எந்தத் தையல் எங்கே பிசகுகிறது, எந்த அமைப்பு வரிசையில் பத்துப் பேரைத் தாமதப்படுத்துகிறது என்பது டிசைன் அறையில் உட்கார்ந்தால் தெரியாது.

தரச் சோதனை எப்படி நடக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 3,000 உருப்படி கொண்ட ஆர்டரில் ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற தர வரம்பு) 2.5 என்று வாங்குபவர் சொல்லியிருந்தால், வழக்கமான அட்டவணைப்படி 125 உருப்படிகளை எடுத்துப் பார்ப்பார்கள். 7 குறைகள்வரை ஏற்பு. 8 வந்தால் மொத்தமும் திரும்பும். அந்த எட்டாவது குறை, யாரோ ஒரு டிசைனர் யோசிக்காமல் வைத்த பாக்கெட் மூலையாகக்கூட இருக்கலாம்.

கணக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் படிப்புக்கு வந்தேன். இப்போது துணிச் செலவுக் கணக்கு போடச் சொல்கிறார்கள். தப்பிக்க வழி உண்டா?

இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தவிர எதுவும் இல்லாததால் தப்பிக்கவும் தேவையில்லை. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 102. அரை மார்பு 52, அதற்குச் சேர்க்கை 4, மொத்தம் 56. முன்னும் பின்னும் என்பதால் இரண்டால் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ., அதாவது 1.14 சதுர மீட்டர். துணி 160 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 160 கிராம். ஆக, ஏறக்குறைய 183 கிராம். கழிவுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 192 கிராம்.

இப்போது அகலத்தில் ஒரே ஒரு செ.மீ. கூட்டிப் பாருங்கள். உருப்படிக்கு மூன்றரை கிராம்கூடக் கூடாது. 10,000 உருப்படிக்கு 34 கிலோ துணி. பனியன் உடையின் விலையில் பெரும்பங்கு துணிதான் என்பதால், லாபம் இந்த ஒரு செ.மீ.யில்கூடக் கரைந்துவிடும்.

பேட்டர்ன் எல்லாம் கணினியிலேயே போடலாமே? கையால் ஏன் வரைய வேண்டும்? போகப்போக அதுவே டிசைனும் செய்துவிடாதா?

லெக்ட்ரா, கெர்பர், டுக்காடெக் போன்ற பேட்டர்ன் மென்பொருள்கள் தொழிற்சாலைகளில் அன்றாடம் ஓடுகின்றன. சைஸ் கூட்டிக் குறைப்பதிலும், பேட்டர்ன்களைத் துணியில் நெருக்கி அடுக்கி மார்க்கர் போடுவதிலும் கையால் அவற்றோடு போட்டியிட முடியாது. கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். திரையில் பொம்மைக்கு உடை மாட்டிப் பார்க்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன.

ஆனால் கைக்குழியைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எந்தப் புள்ளியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரிந்தவருக்கு மென்பொருள் ஒரு மணி வேலையைப் பத்து நிமிடமாக்கும். தெரியாதவரின் தவறான பேட்டர்னையும் அது அதே வேகத்தில் ஐந்து சைஸிலும் போட்டுக் கொடுக்கும். படம் போட்டுக் கொடுக்கும் கருவிகளும் அப்படித்தான். கண்ணைக் கவரும், தையல் எங்கே வருகிறது என்று தேடினால் கிடைக்காது.

தையல் ஆசிரியர் வேலைக்கு இந்தப் பட்டம் போதுமா?

பட்டம் மட்டும் போதும் என்று நினைத்து வயது கடந்தவர்கள் உண்டு. பள்ளித் தையல் ஆசிரியர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் கீழ்நிலை, மேல்நிலை ஆகிய இரண்டையும் தேறி, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் முடிப்பது வழக்கமான பாதை. படிக்கும்போதே அந்தத் தேர்வுகளை எழுதிவிடுங்கள். நம் பாடத்திட்டம் படித்தவருக்கு அவை கடினமில்லை. கல்லூரியில் கற்பிக்க முதுநிலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும்.

முடித்துவிட்டுச் சொந்தமாக பொட்டிக் வைத்தேன். லைனிங் பிளவுஸுக்குப் பக்கத்துக் கடையைவிட அதிகம் கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுகிறார். அதே விலைக்குத் தைத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என்ன செய்வது?

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். அளவெடுப்பது, துணிக்கடைக்குப் போவது, பிரித்துத் தைத்துக் கொடுப்பது எல்லாம் போக மெஷினில் உட்காருவது 120 மணி நேரம் இருந்தால் பெரிது. உங்களுக்கு 25,000 ரூபாயும் வாடகை, மின்சாரம், உதவியாளருக்கு 11,000 ரூபாயும் வேண்டுமென்றால் மணிக்கு 300 ரூபாய். ஒரு பிளவுஸுக்கு நான்கு மணி நேரம் எடுத்தால் 1,200. அந்த விலைக்குச் சாதாரண பிளவுஸை உங்கள் தெருவில் யாரும் வாங்கமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதை ஒன்றரை மணியில் முடிக்கிறார். அவர் இருபது வருடமாகத் தைக்கிற உருப்படியில் அவரோடு மோதுவானேன்?

அவர் தொடாத உருப்படிக்குப் போங்கள். பெரிய அளவுக்காரர்களுக்குப் பொருத்தமாக வெட்டுவது, சூத்திரத்தில் அடங்காத உடல்களுக்குத் தனிப் பேட்டர்ன் போட்டு வைத்துக்கொள்வது, பள்ளிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சீருடைப் பேட்டர்ன் போட்டுக் கொடுப்பது, ஏற்றுமதியாளர்களுக்குச் சாம்பிள் தைப்பது. நீங்கள் மூன்று வருடம் படித்தது இதற்கெல்லாம்தான். வாடிக்கையாளரின் பேட்டர்னைப் பெயர் எழுதி மாட்டிவைத்தால் அடுத்த முறை அளவெடுக்கும் நேரமும் வெட்டும் நேரமும் பாதியாகும்.

என் டிசைனை வேறொரு கடை அப்படியே நகலெடுத்து விற்கிறது. வழக்குப் போடலாமா?

பதிவு செய்திருந்தால் போடலாம். உடையின் தோற்றத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். பத்தாண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். வரைந்தது நான், பதிப்புரிமை தானாகவே உண்டு என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் நகலாக்கிவிட்டால் அந்தப் பதிப்புரிமையும் போய்விடுகிறது. பாரம்பரிய வகைகளுக்குக் கணக்கு வேறு. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அச்சடித்த புள்ளிச் சேலையை அந்தப் பெயரில் நீங்களும் விற்கக் கூடாது.

பதிவுக்கு வருகிற வடிவமைப்பு புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. கல்லூரி ஃபேஷன் ஷோவில் மேடை ஏற்றிய உடையும், இன்ஸ்டாகிராமில் போட்ட படமும் வெளியீடுதான். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விண்ணப்பம், அதன் பிறகு புகைப்படம்.